எழுத்துகள் எங்கும் போய்விடவில்லை

அச்சில் ஏறிய பத்திரிகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை அச்சாகி வெளியே வந்துவிட்டால் அது மாறுவதில்லை. பிழையோடு வந்தால் பிழையோடேயே இருக்கும். தாள் பழுப்பேறும், பூச்சி அரிக்கும், மழையில் நனையும். ஆனால் நாம் உறங்கும் வேளையில் எவரும் வந்து அதன் எழுத்துகளை மாற்றிவிட்டுப் போவதில்லை. இணையத்தளம் அத்தகையதன்று. ஒவ்வொரு வாசகர் திறக்கும்போதும் அது புதிதாக ஒருமுறை அச்சாகிறது. எழுத்து ஓரிடத்தில் இருக்கிறது. பக்க அமைப்பு இன்னோரிடத்தில் இருக்கிறது. இரண்டையும் பொருத்தித் தரும் மென்பொருள் மூன்றாமிடத்தில் இருக்கிறது. இம்மூன்றில் ஒன்று நமக்குத் தெரியாமல் மாறினாலும், நேற்றுவரை ஒழுங்காக வாசித்த கட்டுரை இன்று வாசிக்க முடியாததாகிவிடலாம்.

2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் எனது பழைய கட்டுரைகளைத் தாங்கியிருக்கும் தளத்துக்கு இதுதான் நேர்ந்தது. அதனை இயக்கிய மென்பொருள் ஓரிரவில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அந்த மென்பொருளின் பெயரும், தளத்துக்கு இடம் வாடகைக்குத் தந்திருந்த நிறுவனத்தின் பெயரும் இங்கு தேவையில்லை. மீட்டெடுக்கப் பதினொரு நாட்கள் சென்றன. அந்நாட்களில் கண்டறிந்தவற்றை எழுதிவைத்தால், இதே நிலைக்கு ஆளாகும் வேறு சிலருக்கு உதவக்கூடும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் தமிழில் அமைக்கப்பட்ட தளங்கள் பலவற்றில் இதே ஆபத்து இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதலில் செய்தி சொன்னவர் நோர்வேயில் வசிக்கும் ஒரு வாசகி. அவருடைய தந்தையார் கொழும்பில் ஒரு பத்திரிகையில் முப்பது ஆண்டுகள் ஒப்புநோக்காளராகப் பணியாற்றியவர்; கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு வீட்டில் குடியிருந்து, இரவுக் கடமை முடிந்ததும் நடந்தே வீடு திரும்பியவர். 1998இல் அவர் மறைந்தபோது நான் ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். பிறருடைய பிழைகளை ஆயுள் முழுவதும் திருத்திய அந்த மனிதரின் பெயர் பத்திரிகையில் வந்தது அந்த ஒரேயொரு தடவைதான். ஒவ்வோராண்டும் தந்தையாரின் நினைவுநாளில் அக்கட்டுரையைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டுவது அவ்வாசகியின் வழக்கம். "அப்பாவின்ர கட்டுரை திறக்குது. ஆனால் தமிழ் இல்லை, வெறும் இங்கிலீஸ் எழுத்தும் குத்தும் கோடுமாய்க் கிடக்குது" என்று எழுதியிருந்தார். நினைவுநாளுக்கு மூன்று வாரங்களே இருந்தன.

தளத்தைத் திறந்து பார்த்தேன். பத்திரிகையின் முதற்பக்கம் போல் பத்தி பத்தியாக அமைந்திருந்த முகப்பு காணாமற்போய், எல்லாம் ஒரே நீளத் துண்டாகக் கீழிறங்கிக் கிடந்தது. அது பெரிய விடயமன்று. எழுத்துகள்தாம் நெஞ்சை உலுக்கின. ஆனால் சற்று நிதானமாகப் பார்த்தபோது, கிறுக்கல்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பது புலப்பட்டது. 2006க்கு முந்திய கட்டுரைகள் ஒரு விதமாகவும், அதற்குப் பிந்தியவை வேறு விதமாகவும் சிதைந்திருந்தன. இந்த வேறுபாட்டைக் கவனித்ததிலிருந்துதான் வழி பிறந்தது.

பழையவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். அக்கட்டுரைகளில் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து ஓர் அரைப்புள்ளியும் இருந்தன. எனக்கு உதவ வந்திருந்த வெள்ளவத்தை இளைஞர், கணினிப் பொறியியல் படித்தவர், அதனைக் கண்டு திகைத்தார். "அங்கிள், இது ஏதோ வைரஸ் போல இருக்கு" என்றார். எனக்குத் திகைப்பு வரவில்லை. அது பாமினி. தொண்ணூறுகளில் கொழும்பில் பத்திரிகை ஆசிரியபீடங்களில் இருந்தவர்கள் பலருக்கு அது தாய்மொழி போன்றது. ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர்கள் எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தடையின்றி வாசித்தார்கள் அல்லவா? அதுபோலவே, எழுத்துரு ஏற்றப்படாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும் செய்தியைக் கண்ணாலேயே தமிழாக வாசிக்கப் பழகியிருந்தோம்.

பாமினி போன்ற எழுத்துருக்களின் சூட்சுமம் எளியது. கணினிக்குத் தமிழ் தெரியாது. எனவே ஆங்கில எழுத்தின் உருவத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தமிழ் உருவத்தை மாட்டினார்கள். கணினி தான் ஆங்கிலம் சேமிப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். திரையிலும் தாளிலும் தமிழ் தெரியும். தொண்ணூறுகளிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளிலும் ஈழத்துத் தமிழிலும் புலம்பெயர் தமிழிலும் அச்சானவற்றில் பெரும்பகுதி இந்த முகமூடியோடுதான் உருவாயிற்று. 'எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்' என்ற அறிவிப்பு தமிழ்த் தளங்களின் முகப்பில் தொங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும்.

2006இல் எனது தளத்தை அமைத்துத் தந்தவர், காலி வீதியில் ஒரு கணினி நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் இளைஞர். தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்திருந்தது, யுனிகோட் பரவிக்கொண்டிருந்தது, புதிதாக எழுதுவனவற்றை யுனிகோட்டில் எழுதலாம். ஆனால் பேஜ்மேக்கர் கோப்புகளில் பாமினியில் கிடந்த பழைய கட்டுரைகளை என்ன செய்வது? திரும்பத் தட்டச்சுச் செய்ய ஆளில்லை. அவர் பழையவற்றை அப்படியே பாமினியாகத் தரவுத்தளத்தில் போட்டு, வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் அதனை யுனிகோட்டாக மாற்றிக் காட்டும் ஒரு சிறு நிரலை எழுதிப் பக்க அமைப்புக்குரிய கோப்பில் வைத்தார். மூலம் கெடாமலிருக்கும், வாசகருக்கும் தமிழ் தெரியும். அன்றைய நிலையில் அது மிகச் சிறந்த ஏற்பாடு. பதினெட்டு ஆண்டுகள் அது தடங்கலின்றி உழைத்தது. புதுப்பித்தல் வந்த இரவில், மென்பொருள் அந்தக் கோப்புக்குப் பதிலாகத் தன்னுடைய புதிய கோப்பை வைத்துவிட்டது. மாற்றிக் காட்டும் நிரல் போயிற்று. முகமூடிக்குப் பின்னாலிருந்த ஆங்கிலம் வெளியே தெரிந்தது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொன்னாலும், இன்னொரு புதிரும் இருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. 1959இல் தொடங்கிய அப்பத்திரிகையைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில், அதன் பெயர் வரும் இடங்களில் எல்லாம் அரை வரியோ ஒரு வரியோ முற்றாகக் காணாமற்போயிருந்தது. கிறுக்கலாகக்கூட இல்லை, வெறுமை. காரணம் விசித்திரமானது. பாமினியில் 'ஈ' என்ற எழுத்து இருக்கும் இடம், ஆங்கில விசைப்பலகையில் 'இதனிலும் சிறியது' என்ற கணிதக் குறி. பாமினியின் காற்புள்ளி இருக்கும் இடமோ 'இதனிலும் பெரியது' என்ற குறி. இணையப் பக்கத்தின் மொழியில் இவ்விரு குறிகளுக்கும் இடையில் வருவது வாசகருக்கான எழுத்தன்று, உலாவிக்கான கட்டளை. ஆகவே 'ஈழநாடு' எனத் தொடங்கி அடுத்த காற்புள்ளி வரையிலான அனைத்தையும் உலாவி விளங்காத கட்டளையென்று விழுங்கிவிட்டது. காரணம் தெரிந்தபின் அந்த இளைஞர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று.

இனி, 2006க்குப் பிந்திய கட்டுரைகள். இவை யுனிகோட்டில் எழுதப்பட்டவை. இவற்றில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாக மூன்று குறிகள் நின்றன. முதலாவது, தலையில் சாய்கோடிட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ'. இரண்டாவது, பெரும்பாலும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்', அதாவது பொருட்களின் உறையில் காணும் பதிவு வர்த்தகக் குறி. மூன்றாவது மட்டும் எழுத்துக்கெழுத்து மாறும். இத்தகைய கோலத்தை உங்கள் தளத்தில் கண்டால் அஞ்ச வேண்டாம். இந்த ஒழுங்குதான் நல்ல செய்தி. யுனிகோட்டின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்தையோ அதன் துணைக்குறியையோ சேமிக்க மூன்று பைட்டுகள் தேவை. முதற் பைட்டு எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டில் ஒன்று. மூன்று குறிகளும் ஒழுங்காக நிற்கின்றன என்றால் மூன்று பைட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன என்று பொருள். அவற்றைச் சேர்த்து ஓரெழுத்தாக வாசிக்காமல், தனித்தனியே மூன்று ஐரோப்பிய எழுத்துகளாக எதுவோ வாசிக்கிறது. மாறாக எழுத்துகளின் இடத்தில் வெறும் கேள்விக்குறிகளே தரவுத்தளத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே எழுத்து உண்மையிலேயே அழிந்திருக்கும்.

ஏன் அப்படி வாசித்தது? இணையத்தளங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் சுவீடனில் பிறந்தது. 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், தன்னிடம் தரப்படும் எழுத்தெல்லாம் மேற்கைரோப்பாவின் இலத்தீன் எழுத்து என்றும், அதனை அகரவரிசைப்படுத்தும்போது சுவீடிய முறையே பொருந்தும் என்றும் அது எடுத்துக்கொள்ளும். தமது ஊருக்குப் பொருத்தமாகச் செய்தார்கள், குற்றமில்லை. ஆனால் அதன் விளைவாக, உலகெங்கும் ஆயிரக்கணக்கான தமிழ்க் கட்டுரைகள் சுவீடியப் பெயர்ச்சீட்டு ஒட்டிய பெட்டிகளுக்குள் அடங்கியிருந்தன. போடும்போதும் எடுக்கும்போதும் எவரும் சீட்டைப் பார்க்காதவரை தொல்லையில்லை. பிற்காலத்து மென்பொருள்கள் சீட்டைப் பார்க்கத் தொடங்கின. எழுத்து எந்த முறையில் வேண்டும் என்று தரவுத்தளத்திடம் முன்கூட்டியே சொல்லத் தொடங்கின. உடனே தரவுத்தளம் 'சுவீடிய எழுத்துகளை' மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு யுனிகோட்டுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தது. அந்த மொழிபெயர்ப்புத்தான் நாம் காணும் கிறுக்கல்.

அப்படியாயின் எனது தளம் இத்தனை ஆண்டுகள் எப்படி ஒழுங்காக இருந்தது? இதற்குரிய விடை ரொறன்ரோவில் இருந்தது. தளத்தை அமைத்த அந்த இளைஞர், இப்போது இரு பிள்ளைகளின் தகப்பன், ஸ்காபரோவில் வசிக்கிறார். வட்ஸ்அப்பில் அழைத்துக் கேட்டபோது சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஓம் அண்ணை, அந்த வரியை நான்தான் வெட்டினனான். அது இருந்தால் தமிழ் குழம்பும். ஒவ்வொரு முறையும் புதுப்பதிப்புப் போட்டாப்பிறகு திரும்பவும் வெட்டிவிடுறனான்." தரவுத்தளத்திடம் எழுத்துமுறையைச் சொல்லும் ஒரேயொரு வரியை அவர் நீக்கியிருந்தார். புதுப்பித்தலைக் கையாற் செய்த காலத்தில் அதை நினைவில் வைத்திருந்தார். பின்னர் புதுப்பித்தலின் பெரும்பகுதியை மென்பொருளே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒரு மனிதரின் நினைவில் மட்டும் இருந்த அந்தத் திருத்தம் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? "எழுத்து ஒண்டும் எங்கையும் போகேல்லை அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்று அவர் சொன்ன பின்னர்தான் அன்றிரவு எனக்கு உறக்கம் வந்தது.

மீட்ட முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தளம் உடைந்திருக்கும்போது எந்தக் கட்டுரையையும் திருத்திச் சேமிக்கக் கூடாது. அரை வரி விழுங்கப்பட்ட நிலையில் சேமித்தால், அந்த வெறுமையே மூலமாகிவிடும். ஆகவே முதல் வேலையாகத் தளத்தைப் பூட்டினோம். தரவுத்தளத்தையும் கோப்புகளையும் முழுமையாகப் பிரதியெடுத்து இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்தோம். அடுத்த வேலைகள் யாவும் பிரதியில்தான் நடந்தன.

யுனிகோட் கட்டுரைகளுக்குப் பெயர்ச்சீட்டை மாற்ற வேண்டும். இலத்தீனிலிருந்து யுனிகோட்டுக்கு நேரடியாக மாற்றச் சொன்னால், தரவுத்தளம் உள்ளே இருப்பதையும் மொழிபெயர்த்துவிடும். கிறுக்கலே நிரந்தரப் பதிவாகிவிடும். எனவே இரண்டு படிகளில் செய்யப்படுகிறது. முதலில் 'இது எந்த மொழியும் அன்று, வெறும் பைட்டுகள்' என்று அறிவிக்க வேண்டும். அப்போது தரவுத்தளம் எதனையும் தொடாமல் சீட்டை மட்டும் கிழித்துவிடும். பின்னர் 'இது யுனிகோட்' என்று புதிய சீட்டை ஒட்ட வேண்டும். சில நிமிட வேலை. வட்டத்துக்குள் அடைபட்டிருந்த ஆர்கள் எல்லாம் மறைந்து தமிழ் வந்து நின்றது. நீண்ட சில தலைப்புகளின் கடைசி எழுத்து மட்டும் சிதைந்திருந்தது. பழைய பெட்டி எழுத்தை எண்ணாமல் பைட்டுகளை எண்ணியதால், இடம் முடிந்தவுடன் எழுத்தின் நடுவிலேயே வெட்டியிருந்தது. அவற்றைக் கையால் திருத்தினோம்.

பாமினிக் கட்டுரைகளை இம்முறை நிரந்தரமாகவே யுனிகோட்டுக்கு மாற்றுவதென முடிவெடுத்தோம். மூலத்தைத் தனியே ஒரு கோப்பாக வைத்துக்கொண்டோம். ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் போன்றோர் இத்தகைய மாற்றிகளை ஆண்டுகளுக்கு முன்னரே உருவாக்கி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அதன் உள்வேலை தோற்றத்தைவிடக் கடினமானது. பாமினியில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும். யுனிகோட்டில் பின்னால் வரும். 'கொழும்பு' என்பதன் 'கொ' மூன்று துண்டுகளாகக் கிடக்கும். 'கொ'வைத் தேடுமுன் 'கெ'யைத் தேடி மாற்றிவிட்டால் ஊரின் பெயர் கெட்டுவிடும். எனவே நீண்ட வடிவங்களை முதலிலும் குறுகியவற்றைப் பின்னரும் மாற்ற வேண்டும். கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழாகிப் பிதற்றும். இதற்கு இயந்திர வழியில்லை; ஒருவர் இருந்து வாசிக்கத்தான் வேண்டும். 600க்கு மேற்பட்ட கட்டுரைகள். முதலில் எடுத்து வாசித்தது அந்த ஒப்புநோக்காளரைப் பற்றிய கட்டுரையை. அவர் இருந்திருந்தால் இந்த வேலையை என்னைவிட வேகமாகச் செய்திருப்பார். நினைவுநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில் அதன் இணைப்பை நோர்வேக்கு அனுப்பினேன்.

இதனை வாசிப்பவர்கள் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்யக் கூடாது. அது காரணமின்றி வந்ததன்று. உலகில் மிகப் பரவலாக வழங்கும் தளமென்பொருளான வேர்ட்பிரஸ், 2013 ஒக்டோபரில் 3.7ஆம் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவத் தொடங்கியது. பழைய பதிப்பிலேயே கிடக்கும் தளங்களுக்குள் திருடர்கள் எளிதாக நுழைந்துவிடுவதே அதற்குக் காரணம். அதேவேளை, புதுப்பித்தல் இடறினால் விளைவு பெரிது. 2020 ஓகஸ்டில் அதே மென்பொருளின் 5.5ஆம் பதிப்பில் பழைய துணைநிரல் ஒன்று நீக்கப்பட்டபோது, அதனை நம்பியிருந்த பழைய தளங்கள் பல முடங்கின. உதவிக்கெனத் தனிச் செருகுநிரல் ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது. 2024 ஜூலை 19இல் குரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் தானாகப் பெற்ற ஒரு பிழையான புதுப்பித்தல், மைக்ரோசொஃப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிற்று. விமான நிலையங்கள்கூட ஸ்தம்பித்தன.

ஆகவே புதுப்பித்தல் வரும் என்று எண்ணியே ஏற்பாடு செய்ய வேண்டும். நமக்கெனச் செய்துகொள்ளும் மாற்றங்களை மென்பொருளின் சொந்தக் கோப்புகளில் எழுதாமல், அதற்கென ஒதுக்கப்பட்ட தனி இடத்தில், சேய் வார்ப்புருவிலோ தனிச் செருகுநிரலிலோ வைத்தால் புதுப்பித்தல் அவற்றைத் தொடாது. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதை ஒரு தாளில் தமிழிலேயே எழுதி வைக்க வேண்டும். எமது தளங்களை அமைத்துத் தந்த இளைஞர்கள் பலர் இன்று ஸ்காபரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். அவர்கள் கூலியை எண்ணிச் செய்த வேலையன்று அது. அவர்களின் நினைவில் மட்டும் இருக்கும் சிறு சிறு திருத்தங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலமிருக்கிறது.

பிரதியும் வேண்டும், அது தளம் இருக்கும் அதே இடத்தில் இருக்கக் கூடாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ மூன்றரை மாத கால அரச மின்னஞ்சல்கள் மீளாமற் போயின. அவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. அரசுக்கே அந்தக் கதியென்றால் தனியாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மென்பொருளும் இன்றித் திறக்கக்கூடிய சாதாரண யுனிகோட் கோப்புகளாக எல்லாக் கட்டுரைகளையும் இப்போது எடுத்து, இரு நாடுகளில் இருவரிடம் கொடுத்திருக்கிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் படப்பிரதிகளாக இருப்பதும் பெரும் துணை. மாற்றத்தில் ஐயம் வந்த சில இடங்களில் அப்படங்களைப் பார்த்தே திருத்தினேன்.

உங்களிடம் பழைய பாமினிக் கோப்புகள், குறுந்தட்டுகள், கைவிடப்பட்ட தளங்களின் கடவுச்சொற்கள் இருந்தால் இந்த வார இறுதியிலேயே எடுத்துப் பாருங்கள். திறந்ததும் கிறுக்கலாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் சிலர் இருக்கிறோம்.